இடக்கைக்காரருக்கு ஒரு கத்தி

பாத்திரக் கடையின் கத்திப் பிரிவில், கண்ணாடி மேசையின் மேல் யாரோ சாவியால் மூன்று தட்டுத் தட்டினார்கள். கீழ்த்தட்டில் சாணைக்கற்களை அடுக்கிக்கொண்டு குனிந்திருந்த கத்தியக்காவுக்கு, நிமிர்ந்து பார்க்காமலே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. ஒரு தட்டு, சின்ன இடைவெளி, பிறகு அடுத்தடுத்து இரண்டு. அப்படித் தட்டுகிற மனிதர் ஒருவர்தான். கையிலிருந்த கல்லை மெல்ல வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

அவரேதான். ஆலைக் கேண்டீனின் பழைய சூப்பர்வைசர். தலை முழுக்க நரைத்துவிட்டது. தொப்பை வற்றிப்போய்ச் சட்டை தோளிலிருந்து தொங்கியது. ஆனால் சாவியைப் பிடித்திருந்த பிடி மாறவில்லை. இடது கை, கட்டைவிரலுக்கு அடியில் சாவி.

"கத்தி வேணும்மா," என்றார், அவள் முகத்தை நேராகப் பார்த்து.

அவருக்கு அவளைத் தெரியவில்லை. அதில் அவளுக்கு ஆச்சரியமும் இல்லை. ஆறு வருஷம் அவருக்குக் கீழே வேலை பார்த்தபோதே, காய் வெட்டுகிற பெண்களின் முகத்தை அவர் பார்த்தது கிடையாது. கூடை நிறைந்ததா என்றுதான் பார்ப்பார்.

அந்தக் கேண்டீனில் தினமும் நானூறு பேருக்கு மதியச் சாப்பாடு. காய் வெட்ட ஆறு பெண்கள், அவர்களுக்குப் பன்னிரண்டு கத்திகள். அந்தப் பன்னிரண்டையும் வைத்து வெண்ணெயைக்கூடக் கெஞ்சிக் கூத்தாடித்தான் வெட்ட முடியும். சாணை பிடிக்கிறவர் மாதம் ஒருமுறை வாசலில் வந்து நிற்பார், சூப்பர்வைசர் விரட்டிவிடுவார். "கூரா இருந்தா கையை வெட்டிக்கிட்டு லீவு கேப்பீங்க. மழுங்கினதுதான் உங்களுக்குப் பத்திரம்" என்பார். அவள் மூன்று தடவை போய்க் கேட்டாள். முதல் தடவை "பாக்கலாம்" என்றார். இரண்டாம் தடவை காதில் விழாதது போல் போனார். மூன்றாம் தடவை, எல்லாரும் கேட்கும்படி, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உனக்கு வெட்டத் தெரியலைன்னா கத்தி மேல பழி போடாத" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காமல் இருந்தால் அடுத்தது தாங்கள்தான் என்று அவர்களுக்குத் தெரியும்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு பெரிய பூசணிக்காய். தோல் கல் மாதிரி. கத்தி இறங்கவில்லை. வலது கையால் அழுத்தினாள், உடம்பின் பாரத்தையும் சேர்த்து அழுத்தினாள். கத்தி தோலில் வழுக்கி, காயைப் பிடித்திருந்த இடது கையின் சுட்டுவிரலில் நகத்தோடு சேர்த்து நுனியைக் கொண்டுபோய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது அறிக்கை தயாராக இருந்தது. நண்டு போல வளைந்த இடக்கை எழுத்து. 'விபத்துக்குக் காரணம்: பணியாளரின் அஜாக்கிரதை.' அதை அவர் எல்லார் முன்னாலும் படித்துக் காட்டினார். மாதக் கடைசியில் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

விரல் ஆறிவிட்டது. அந்த ஒரு சொல்தான் ஆறவில்லை. கட்டியவன் எங்கோ போய்த் தொலைந்த பிறகு அவள் அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். அங்கே அண்ணி நல்லவள்தான். ஆனால் அன்றிலிருந்து அடுப்படியில் ஒரு வெங்காயத்தைக்கூட அவள் கையில் கொடுத்ததில்லை. "நீ வேணாம்மா. நீ கொஞ்சம் அவசரக் கை. நான் பாத்துக்கறேன்." நகரத்திலேயே பெரிய பாத்திரக் கடையில், அத்தனை பேரும் கத்தியக்கா என்று கூப்பிடுகிற அளவுக்குப் பேர் வாங்கிய பிறகும், வீட்டில் அவளுக்கு விதித்தது பாத்திரம் கழுவுவதுதான்.

"என்ன மாதிரி கத்தி சார்?" என்று கேட்டாள். குரல் தானாகவே கடைக்குரலாக வந்தது.

"ஒரே கத்தி. எல்லாத்துக்கும் ஆகணும். காய், மீன், இறைச்சி, எல்லாம். ஜப்பான் மாடல்ல ஒண்ணு இருக்காமே, வீட்டுக்கு அதுதான் நல்லதுன்னு பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்."

நியாயமான கேள்வி. அதற்கு ஒரே பதில்தான் உண்டு, அந்தப் பதில் இரண்டாவது தட்டில் இருந்தது. அவள் அதை எடுத்து வைத்தாள். தொழில் என்று வந்துவிட்டால் அவளுக்குக் கை வேறு மாதிரி போகாது.

"இதுதான் சார் அது. சாண்டோகுன்னு பேர். மூணு குணம்னு அர்த்தமாம். நீங்க சொன்ன அதே மூணு. ஒரு சாண் நீளம்கூட இல்ல, சின்ன அடுப்படிக்குத் தோதா இருக்கும். முதுகு மெல்லிசு, அடி கிட்டத்தட்ட நேர்கோடு. அப்படியே நேரா இறக்கி வெட்டலாம். துருப் பிடிக்காது. எலும்பு மட்டும் வெட்டக் கூடாது."

"வீட்ல நீங்கதான் சமையலா சார்?" என்றும் கேட்டாள். யார் பிடிக்கப் போகிறார்கள் என்று தெரியாமல் கத்தி விற்கக் கூடாது என்பது கடையின் பழக்கம்.

அவர் உதட்டைப் பிதுக்கினார். "என் தலையெழுத்து. வீட்டுக்காரி கையை ஒடச்சிக்கிட்டா. வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு போச்சு, ஆறு வாரம் கட்டு. எல்லாம் அஜாக்கிரதை. பாத்து நடந்தா ஏன் விழப்போறா?"

அந்தச் சொல் அவர் வாயிலிருந்து எவ்வளவு லேசாக வந்தது! ஒன்பது வருஷமாக அவள் தூக்கிச் சுமக்கிற பாறாங்கல்லை, அவர் பாக்கு மாதிரி வாயில் போட்டு மென்று துப்பினார்.

யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்பார்கள். பூனை நகத்தை நீட்டியது.

"சார், ஒரு நிமிஷம்," என்று சாண்டோகுவை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள். "இதெல்லாம் சாதாரண ஜனங்களுக்கு. உங்களைப் பாத்தா விஷயம் தெரிஞ்சவர் மாதிரி இருக்கு. சமையல் சம்பந்தமான வேலையில இருந்தீங்களோ?"

அவர் முகம் மலர்ந்தது. "நானூறு பேர் சாப்பிடற கேண்டீனையே நடத்தினவன்மா நான்."

"அதான் பாத்தேன். உங்களுக்கு வேற ஒண்ணு இருக்கு."

கடைசித் தட்டின் மூலையில் ஒரு மரப்பெட்டி இருந்தது. ஹோட்டல்காரர் ஒருவர் சொல்லி வரவழைத்துவிட்டு வாங்காமல் போனது. இரண்டு வருஷமாக யாரும் கேட்கவில்லை. கேட்காததும் நல்லதுதான். அது வெறும் காய் வெட்டுகிற கத்தி, அதுவும் அதிலேயே பிறந்து வளர்ந்த சமையல்காரர்களுக்கானது. சாதாரணக் கத்திக்கு இரண்டு கன்னத்திலும் சரிவு உண்டு. இதற்கு வலது கன்னத்தில் மட்டும் சரிவு. இடது கன்னம் பலகை போல் தட்டை. வலது கையால் பிடித்துப் பழகியவனுக்குத் தோலை மயிரிழை கனத்தில் சீவித் தரும். இடது கையில் கொடுத்தால் தன் போக்கில் ஒரு பக்கமாக இழுக்கும், பிடித்தவன் அதை மறுபக்கம் அழுத்துவான், அப்புறம் யார் பக்கம் ஜெயிக்கும் என்று சொல்ல முடியாது. போதாததற்குக் கார்பன் இரும்பு. கொஞ்ச நேரம் ஈரத்தோடு விட்டால் காவிப் புள்ளி போடும். கடினமானதில் வைத்து முறுக்கினால் கூர் சில்லாகப் பெயர்ந்துவிடும்.

அவள் ஒரு உருளைக்கிழங்கை எடுத்தாள். தன் வலது கையால், அடுத்த பக்கம் தெரிகிற மாதிரி நாலு வில்லை சீவி, ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள். அவர் வாயைப் பிளந்தார்.

"நானும் வெட்டிப் பாக்கட்டுமா?"

வாங்குகிறவர் கையில் கொடுத்து வெட்டிப் பார்க்கச் சொல்லாமல் ஒரு கத்தியும் வெளியே போகக் கூடாது. அது முதலாளியம்மா போட்ட சட்டம். சுவரில் எழுதியே ஒட்டியிருந்தது.

"உங்களுக்கு எதுக்கு சார் சோதனை? நீங்க பாக்காத கத்தியா?" என்றாள்.

அவர் சுவரைப் படிக்கவில்லை. இடது கையால் பெட்டியை வாங்கிக்கொண்டு, நிமிர்ந்த நெஞ்சோடு படியிறங்கிப் போனார்.

அன்று மத்தியானம் கத்தியக்கா பாட்டு முணுமுணுத்துக்கொண்டே கண்ணாடியைத் துடைத்தாள். பக்கத்தில் குக்கர் விற்கிற பெண், "என்னக்கா, லாட்டரி ஏதாவது விழுந்ததா?" என்று கேட்டாள்.

"இன்னும் விழலை. விழும்," என்றாள் அவள்.

அடுத்த எட்டு நாளும் அவள் மனசால் அந்த மனிதரின் அடுப்படிக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். முதல் நாள் தக்காளி கோணலாகப் போகும். 'அட' என்பார். இரண்டாம் நாள் கத்தியில் புள்ளி. தேய்ப்பார், போகாது. மூன்றாம் நாள் கேரட் ஒரு பக்கம் தடியாக, ஒரு பக்கம் மெலிசாக. எவ்வளவு கவனமாக வைத்தாலும் கை சொல்கிற இடத்தில் கத்தி இறங்காது. தப்பு எங்கே என்றே தெரியாது. அதுதான் அவளுக்கு இனித்தது. தெரியாது! கடைசியில் ஒருநாள் ரத்தம் சொட்டச் சொட்ட நின்று, 'நான்தான் அஜாக்கிரதையா இருந்துட்டேனோ' என்று அவரே தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த ஒரு கேள்வி அவர் மண்டையில் ஏறினால் போதும்.

நடுநடுவே ஒரு பயம் எட்டிப்பார்க்கும். கத்தி அந்த அம்மாவின் கைக்குப் போய்விட்டால்? கட்டுப் போட்ட கை எப்படிக் கத்தி பிடிக்கும் என்று சொல்லி அந்தப் பயத்தை உட்கார வைப்பாள். ஐந்தாம் நாள் அது உட்கார மறுத்தது. அன்று இரண்டு பேரிடம் மீதிச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தாள். ஆனாலும், தேடிப் போய்க் கத்தியைத் திருப்பி வாங்க வேண்டும் என்று ஒருமுறைகூட அவளுக்குத் தோன்றவில்லை.

ஒன்பதாம் நாள் காலை பதினொரு மணிக்கு அவர் வந்தார். இந்தத் தடவை மேசையைத் தட்டவில்லை. வலது கைச் சுட்டுவிரல் ஒரு வெள்ளைச் சுரைக்காய் போலக் கட்டுக்குள் இருந்தது. கூடவே அவர் மனைவி. உயரமான அம்மா, வலது கை தூளியில். செய்தித்தாளில் சுற்றிய கத்தி அந்த அம்மாவின் இடது அக்குளில் இருந்தது. அவர் நேரே முதலாளியம்மாவின் மேசைக்குப் போனார்.

"இதான் உங்க கடை லட்சணமா? மூணு தையல்! பாருங்க, மூணு தையல்!"

முதலாளியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செய்தித்தாளைப் பிரித்தாள். கத்தி முழுக்கக் காவி படர்ந்திருந்தது. கூரில் அரிசி அளவுக்கு இரண்டு பொக்கை.

"இதை வீட்டுச் சமையலுக்கா வாங்கினீங்க? நீங்க இடது கையா சார்?"

"ஆமா, அதுக்கென்ன?"

முதலாளியம்மா திரும்பிப் பார்த்தாள். கத்தியக்கா ஏற்கனவே வந்து நின்றிருந்தாள். வாங்க வந்திருந்த நாலைந்து பேரும் கூடிவிட்டார்கள்.

"இவங்கதான் குடுத்தாங்க," என்று அவர் கட்டுப் போட்ட விரலை நீட்டினார். "எல்லாத்துக்கும் ஆகற கத்தி கேட்டேன். இதைத் தலையில கட்டிட்டாங்க. கேரட்டை நேரா வெச்சா கத்தி கோணலாப் போகுது. நான் எவ்வளவு ஜாக்கிரதையா வெட்டினேன் தெரியுமா? கத்தி சரியில்லைன்னா மனுஷன் என்னதான் பண்ணுவான்? கை வெட்டத்தான் செய்யும்!"

தன்னையே நொந்துகொள்வார் என்று கத்தியக்கா எட்டு நாள் காத்திருந்தாள். அந்த ஆள் ஜென்மத்தில் நொந்துகொள்ள மாட்டார் என்பது இப்போதுதான் உறைத்தது. ஆனால் அவர் வாயிலிருந்து வந்தது அதைவிடப் பெரிது.

"இன்னொரு தடவை சொல்லுங்க சார்," என்றாள்.

"எதை?"

"கத்தி சரியில்லைன்னா..."

"கத்தி சரியில்லைன்னா கை வெட்டத்தான் செய்யும்! இதுல என்ன புரியலை உனக்கு?"

முதலாளியம்மா குறுக்கே வந்தாள். அவளுக்குக் கடையில் சத்தம் பிடிக்காது. "சரி சார், விடுங்க. பெட்டி மாறிப்போயிருக்கும். ஏம்மா, கொஞ்சம் அஜாக்கிரதையா இருந்துட்டேன்னு சொல்லி ஒரு மன்னிப்புக் கேட்டுடு. வேற நல்ல கத்தி குடுத்து அனுப்பலாம். முடிஞ்சது விஷயம்."

முடிந்திருக்கும்தான். தலையை ஆட்டினால் போதும், வேலை தப்பும். கத்தியக்காவுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் அந்தச் சொல்லைத் தன் வாயால் தன்மேல் போட்டுக்கொள்வதைவிட நாக்கை அறுத்துக்கொள்ளலாம் என்று பட்டது.

"அஜாக்கிரதை இல்லம்மா," என்றாள். "தெரிஞ்சேதான் குடுத்தேன். இவர் இடது கைன்னு தெரியும். இது வலது கைக் கத்தின்னும் தெரியும். வெட்டிப் பாக்கறேன்னு கேட்டார், வேணும்னே தடுத்தேன்."

குக்கர் விற்கிற பெண் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஏண்டி?" என்றாள் முதலாளியம்மா. அவ்வளவுதான் அவளால் கேட்க முடிந்தது.

கத்தியக்கா இடது கையைக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள். சுட்டுவிரல் மற்ற விரல்களைவிட ஒரு கணு குட்டையாக, நகமில்லாமல், உருண்டையாக முடிந்தது. அவர் அதைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். மறுபடி விரலைப் பார்த்தார்.

"நீ... அந்தப் பூசணிக்காய்..."

"ஆமா சார். அந்தப் பூசணிக்காய்தான். பேர் ஞாபகம் இருக்காது உங்களுக்கு. தீட்டித் தாங்க, தீட்டித் தாங்கன்னு மூணு தடவை வந்து நின்னேன். ஆடத் தெரியாதவன்னு சொல்லிச் சிரிக்க வெச்சீங்க. விரல் போனதும் அஜாக்கிரதைன்னு எழுதினீங்க. இப்போ உங்க விரல்ல மூணு தையல். கத்தி சரியில்லைங்கறீங்க. இதைத்தானே சார் நானும் அன்னிக்குச் சொன்னேன்?"

"அது வேற, இது வேற," என்றார் அவர்.

"எது வேற?"

இதைக் கேட்டது கத்தியக்கா இல்லை, அவர் மனைவி. தபாலாபீசில் முப்பது வருஷம் முத்திரை குத்திய அம்மா. பேச்சும் அப்படித்தான் விழுந்தது. "எது வேறன்னு கேக்கறேன். வீட்லயும் அதே கதைதானே? முப்பத்தோரு வருஷமா தக்காளியை வெட்டித் தின்னதில்லை நான், நசுக்கித்தான் தின்னேன். சாணைக்காரர் தெருவுல வந்தா கதவைச் சாத்தினது யாரு? குளியலறையில சோப்புத் தண்ணியைக் கொட்டிட்டுத் தொடைக்காம வந்தது யாரு? நான் விழுந்து கெடக்கறேன், தலைமாட்டுல நின்னுக்கிட்டு அஜாக்கிரதைன்னாரு. அந்த வார்த்தையை உங்களுக்கு யாரு மொத்த விலைக்குக் குடுத்தாங்க?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் காது சிவந்துவிட்டது. "நான் புகார் குடுக்கப் போறேன். வேணும்னே பண்ணினேன்னு அவளே ஒத்துக்கிட்டா. எல்லாரும் கேட்டீங்கல்ல?"

"குடுங்க சார்," என்றாள் கத்தியக்கா. "நான் ஓடிப்போக மாட்டேன். ஆனா அங்க ஏன் பண்ணினேன்னு கேப்பாங்க. அதையும் நான் சொல்லணும். கேண்டீன்ல கூட இருந்த அஞ்சு பேரும் இன்னும் உயிரோடதான் இருக்காங்க. இப்ப நீங்க அவங்க சூப்பர்வைசர் இல்லை."

அவர் வாசல் பக்கம் பார்த்தார்.

"உனக்கு என்னம்மா வேணும்?" என்று அந்த அம்மா கேட்டாள்.

ஒன்பது வருஷமாக அந்தக் கேள்விக்காக அவள் ஆயிரம் பதில் யோசித்து வைத்திருந்தாள். கைகால் நடுங்கப் பார்க்க வேண்டும், தெருவில் நிற்க வைக்க வேண்டும், இன்னும் என்னென்னவோ. வாயில் வந்தது ஒன்றுதான்.

"அப்போ ஒண்ணு எழுதினார். இப்போ நெசத்தை எழுதித் தரச் சொல்லுங்க."

"எழுதுங்க," என்றாள் அந்த அம்மா.

"என்னடி பைத்தியக்காரத்தனம்..."

"வலது விரல்லதான் தையல். எழுதற கை நல்லாத்தான் இருக்கு. எழுதுங்க. இல்லைன்னா இன்னிலேர்ந்து உங்க சோத்தை நீங்களே வெட்டி, நீங்களே ஆக்கி, நீங்களே தின்னுக்கோங்க. என் கட்டுப் பிரிச்ச பிறகும் அப்படித்தான்."

முதலாளியம்மா வெறும் ஆர்டர் தாள் ஒன்றையும் பேனாவையும் தள்ளி வைத்தாள். அவள் எந்தப் பக்கம் என்று அதுவரை யாருக்கும் தெரியவில்லை. அவர் உட்கார்ந்தார். நண்டு போலக் கை வளைந்தது. கத்தியக்கா சொல்லச் சொல்ல எழுதினார். கத்திகள் மழுங்கி இருந்தன. தீட்டச் சொல்லி மூன்று முறை கேட்டாள். நான் மறுத்தேன். கடைசி வரியில் பேனா நின்று, பிறகு ஊர்ந்தது. அந்த அம்மா தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

"'விபத்துக்குக் கத்தியும் காரணம்.' அந்த 'உம்' எதுக்கு?"

"எல்லாத்துக்கும் ரெண்டு பக்கம் இருக்கும்டி."

"இதுக்கு ஒரு பக்கம்தான். 'உம்'மை அடிங்க."

அடித்தார். கையெழுத்துப் போட்டார். கத்தியக்கா தாளை வாங்கினாள். படித்தாள். மறுபடி படித்தாள். சுகமாக இருந்தது. அதை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை.

"ரொம்பச் சிரிக்காத," என்றாள் அந்த அம்மா. "நீ செஞ்சதும் தப்புதான். இவருக்குத் தையல் போடறப்போ ரத்தத்தைப் பாத்து மயங்கி விழுந்தது நான். ரெண்டாவது கையையும் ஒடச்சிக்க இருந்தேன்."

"உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன்மா," என்றாள் கத்தியக்கா. யாரிடம் கேட்கவில்லை என்பது எல்லாருக்கும் புரிந்தது.

"சரி, இப்போ எனக்கு ஒரு கத்தி காட்டு. இவர் கேட்டாரே, எல்லாத்துக்கும் ஆகறது. அதைக் காட்டு."

"என்கிட்டயா?"

"பின்ன? பொய் சொல்லியே தப்பிச்சிருக்கலாம், நீ தப்பிக்கலையே."

கத்தியக்கா இரண்டாவது தட்டிலிருந்து சாண்டோகுவை எடுத்தாள். ஒன்றல்ல, மூன்று எடுத்தாள். ஒவ்வொன்றாக அந்த அம்மாவின் இடது கையில் கொடுத்தாள். "இப்போதைக்கு இடது கை, கட்டுப் பிரிச்சதும் வலது கை. இதுக்கு ரெண்டு கன்னமும் ஒண்ணுதான், எந்தக் கையில பிடிச்சாலும் நேராப் போகும். பிடியை மட்டும் பாருங்க. இழுக்கிற மாதிரி இருக்கா? முன்னால சாயுதா?" முதல் கத்தியின் பிடி அந்த அம்மாவின் பெரிய கைக்குச் சின்னதாக இருந்தது. இரண்டாவது முன்பாரம். மூன்றாவது கையில் ஏறியதும் அந்த அம்மாவின் புருவம் உயர்ந்தது. வெட்டுப்பலகையில் ஒரு தக்காளியை வைத்தாள் கத்தியக்கா. உருளாமல் தான் பிடித்துக்கொண்டாள், குட்டை விரலை மடக்கி, முட்டியை முன்னால் வைத்து. அந்த அம்மா அழுத்தவே இல்லை. கத்தி தன் பாரத்திலேயே இறங்கியது. தக்காளி ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் இரண்டாகப் பிரிந்து உட்கார்ந்தது.

அந்த அம்மா கணவர் பக்கம் திரும்பி, "முப்பத்தோரு வருஷம்," என்றாள்.

அவர்கள் போன பிறகு முதலாளியம்மா கத்தியக்காவை உள்ளே கூப்பிட்டாள். திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"உன் கையை நம்பி எந்தக் கத்தியையும் குடுப்பேன். ஆனா இனிமே உன் முன்னால ஆளைக் கொண்டு வந்து நிறுத்த முடியாதுடி. நாளைக்கு வேற எவனாவது வருவான், உன்னைப் பொண்ணு பாத்துட்டு வேணாம்னு போனவன், பஸ்ஸுல உன் காலை மிதிச்சவன். எனக்குக் கடை நடக்கணும். பின்னால சாணை மேசைக்குப் போ."

"சரிம்மா."

"பண்ணினது தப்புன்னு தோணுதா உனக்கு?"

கத்தியக்கா யோசித்தாள். "உங்க கடையில வெச்சுப் பண்ணினது தப்பு," என்றாள்.

முதலாளியம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்று வீட்டில் அந்தத் தாளை அண்ணியிடம் கொடுத்தாள். அண்ணி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள். "இத்தனை வருஷம் கழிச்சு எப்படி எழுதிக் குடுத்தான்?" என்று கேட்டாள். நடந்ததை இவள் சொன்னாள், ஒன்றும் மறைக்காமல். அண்ணி பயந்துபோய் நெஞ்சில் கைவைத்தாள். "நீ பொல்லாதவடி" என்றாள். அவசரக் கை என்று சொல்லவில்லை. பொல்லாதவள் என்று பேர் எடுப்பது எவ்வளவோ மேல் என்று கத்தியக்காவுக்குத் தோன்றியது.

இரண்டு மாதம் கழித்து அந்த அம்மா, கட்டில்லாத வலது கையில் பையோடு, பின்பக்கச் சாணை மேசையைத் தேடிக்கொண்டு வந்தாள். கத்தியைத் தீட்டக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். கல்லில் தண்ணீர் ஊற்றி, இரண்டு கன்னத்தையும் சமமாக ஓட்டிக்கொண்டே, கத்தியக்கா பார்த்தும் பாராமல் கேட்டாள்.

"சார் எப்படி இருக்கார்?"

"விரல் ஆறிடுச்சு. குளிர்ந்தா விறுவிறுன்னு இழுக்குதாம்."

"அது இழுக்கும். எப்பவும் இழுக்கும்."

"பஸ்ல இந்தத் தெரு வழியாப் போனா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கறார். நடந்து வந்தா சுத்திக்கிட்டு மார்க்கெட் வழியா வரார்."

"மார்க்கெட் வழின்னா எவ்வளவு தூரம் அதிகம்?"

"கால் மைல் இருக்கும்."

கத்தியக்கா அதை மனசுக்குள் போட்டுப் பார்த்தாள். வெயிலில், பையைத் தூக்கிக்கொண்டு, தினமும் கால் மைல். கூர் எப்படி என்று கட்டைவிரலை மெல்ல ஓட்டிப் பார்த்துவிட்டு, கத்தியைத் துணியில் துடைத்தாள்.

"அவரை உச்சிவெயில்ல அனுப்புங்கம்மா," என்றாள்.

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் ஸ்டூல் ஆடியது.